நாலு விரல் காற்று

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, அப்படியே எழுதிப் பழகிய கை, ஆனால் எழுதினால் பொய்யாகிவிடும். உன் அக்கா நலம், நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நீ போனை எடுப்பதில்லை என்று அக்கா சொல்கிறாள். வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன் என்று ஒரு வரி வருகிறதாம், அந்த அப்புறம் மட்டும் வருவதே இல்லையாம். ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அடிக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மாடி அறையில், உன் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உச்சி வெயில் நேரம். வேண்டுமென்றேதான் இந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நீ அங்கே துண்டு துண்டாகக் கேட்டு மீதியை உன் மனசில் இட்டுக்கட்டி வைத்திருப்பாய், நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நடந்ததைவிடப் பெரிதாக நினைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாய்.

கூரைச் சூட்டைத் தடுக்க நீ அனுப்பிய வெள்ளித் தாள் சுருள் வந்ததும், நீ சொன்ன மாதிரியேதான் முதலில் போட்டோம். வெல்டர் நாளைக்காரரைத் தெரியுமே, எதைக் கேட்டாலும் நாளைக்கு வர்றேன் என்பாரே, அவர் பல நாளைக்குகள் கழித்து வந்து சட்டம் அடித்துக் கொடுத்தார். தகரக் கூரைக்கு நாலு விரல் கீழே தாள் தொங்கியது. நீ அங்கே பெரிய பெரிய கொட்டகைகளுக்குப் போடுகிற வேலைதானே, போனில் படித்துப் படித்துச் சொன்னாய், அப்பா அந்தப் பளபளப்பு எதையும் தொடக் கூடாது, காத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும், தொட்டுச்சுன்னா சூடு அப்படியே இறங்கிடும் என்று. சரி என்று தலையை ஆட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், அது வேலை செய்தது. மதியத்தில் அந்த அறையில் மனிதர் படுக்க முடிந்தது. கீழே நம் கார் சீட்டுப் பட்டறையில் பசை நெடி உன் அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே இடம் இந்த மாடி அறைதான், அதில் அவள் நிம்மதியாகக் கண்ணயர்ந்ததைப் பார்த்து உன்னை மனசார வாழ்த்தினேன்.

ஆனால் அவளுக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. மல்லாந்தே படுத்திருக்கிறவள், கண்ணைத் திறந்தால் அதுதானே தெரியும். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், மேல நானே நாலு பேரா இருக்கேங்க, ஒருத்தியை இறக்கி விடுங்க, சமைக்கட்டும் என்றாள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. முகம் கோணல்மாணலாகத் தெரிகிறது, விளக்கைப் போட்டால் கண்ணைக் குத்துகிறது, யாரோ மேலே படுத்துக்கொண்டு தன்னையே பார்க்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுப்பாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள், என்னங்க, ஊர்க் காருக்கெல்லாம் உள்கூரைக்குத் துணி ஒட்டிக் குடுக்குறீங்களே, எனக்கு ஒண்ணு ஒட்டித் தர மாட்டீங்களா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் தொழிலில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் தைத்ததெல்லாம் கண்டவர்களும் உட்கார்ந்து தேய்க்கிற சீட்டு, அவளுக்கென்று ஒரு தலையணை உறை தைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

துணியை அவளே எடுத்தாள். பட்டறையில் சுருட்டி வைத்திருந்ததையெல்லாம் மேலே கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அந்த வெளிர் நீலத்தை எடுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, தொங்குகிற தாளின் மேல் துணி ஒட்டினால் தொய்வு விழும், சுருக்கம் தெரியும், தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது. சட்டத்தைக் கழற்றிப் போட்டேன். தாளை நேராகத் தகரத்திலேயே ஒட்டினேன், நெளிவுக்கு நெளிவு உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி. அதன் மேல் துணி. உனக்குத் தெரியாதது இல்லை, எங்கள் வேலையில் காற்றுதான் சத்துரு. உள்ளே ஒரு கொப்புளம் காற்று மாட்டிக்கொண்டால் அந்தக் கார் ஒரு மாதத்தில் திரும்பி வந்து நிற்கும், சொந்தக்காரன் வாயில் வந்தபடி பேசுவான். எந்த வண்டிக்கும் நான் அவ்வளவு சுத்தமாக ஒட்டியதில்லை. ஒரு சுருக்கம் கிடையாது. உன் அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. நீலம் என்றே அதற்குப் பெயர் வைத்தாள். இந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது என்று நினைத்துக்கொண்டேன், மகனே, அதை எழுதும்போது இப்போது எனக்கு என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

அக்கா போனில் படம் காட்டினாளே அன்றைக்கு, நீ பார்த்தாய். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நீ மட்டும் கூரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம், அப்பா, நடுவுல காத்து எங்கப்பா என்று கேட்டாய். நான் மார்தட்டிக்கொண்டு சொன்னேன், ஒரு பொட்டுக் காத்து கிடையாதுடா, தட்டிப் பாரு என்று. சொல்லிவிட்டுத் தட்டி வேறு காட்டினேன். நல்லா இருக்குப்பா, நான் அப்புறம் பேசுறேன் என்று நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் வெயில் அந்த ஆட்டம் ஆடியது. மதியத்தில் அந்தத் துணிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இஸ்திரிப் பெட்டி மாதிரி அடித்தது. உன் அம்மா உதட்டுக்குப் போடுகிற வாஸ்லைன் டப்பா அலமாரியில் எண்ணெயாக உருகிக் கிடந்தது. வெயில்தான் ஜாஸ்தி என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், விசிறியை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தேன், அது அந்த அனலையே வாரி அவள் மேல் கொட்டியது. அவளும் வாயைத் திறக்கவில்லை. நீலத்தைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அக்கா சாப்பாடு கொண்டுவந்து எழுப்பிப் பார்த்தபோது அவளிடமிருந்து பதில் இல்லை, உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அக்காதான்.

நீ அக்காவுக்கு அனுப்பியிருந்த செய்தியை அவள் எனக்குக் காட்டினாள். கோபித்துக்கொள்ளாதே, நான்தான் பிடுங்கிப் படித்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும் அக்கா, அப்பா மூஞ்சியைப் பாத்தா வாய் வரல என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நான் பட்டறைக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். டேய், அப்பா மனசு நோகக் கூடாது என்று நினைத்த பிள்ளையை யார் குறை சொல்வார்கள். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம், சீட்டுத் தைக்கிறவனுக்குக் காத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியா என்று எரிந்து விழுந்திருப்பேன், என் வாயை நான் அறிவேன். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், வெயிலால்தானா என்று. இதயம் முன்னாடியே பலவீனமா இருக்கு, சூடு அதுக்கு மேல ஏறிடுச்சு, எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது என்றார். அவராலேயே பிரிக்க முடியாததை நீ அங்கே உட்கார்ந்து பிரித்து, முழுவதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் அம்மாவுக்கு நீ போனில் பேசாதது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. பையனுக்கு அங்க வேலை கடுசு போல என்கிறாள்.

அந்த அறை குளிராமல் அங்கே திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா வீடு மூன்று மாடி ஏற வேண்டும், உன் அம்மாவுக்கு நடக்கிற காரியம் இல்லை. அவளோ கண் திறந்ததிலிருந்து ஒரே பாட்டுத்தான், வீட்டுக்குப் போகலாங்க, இங்க மேல பாத்தா வெறும் சுண்ணாம்பு, நம்ம நீலம் எப்படி இருக்கு என்று. அப்படியே இருக்கு என்று சொன்னேன். அது அப்போது கிழிந்து ஒரு சாக்குக்குள் கிடந்தது. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாளே ஏணியைப் போட்டு ஏறிக் கையில் அகப்பட்டதைப் பிய்த்து எறிந்திருந்தேன். துணியோடு வெள்ளியும் உரிந்து வந்தது, பசை அப்படிப்பட்ட பசை, நானே தேர்ந்தெடுத்தது. நாளைக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் அன்றைக்கே வந்து வாசலில் நின்றார், நாளைக்கு என்று சொல்லவே இல்லை, மகனே. ஊரே உன் அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அப்போது புரிந்தது.

புதுத் தாள் வாங்கப் போனால் கடைக்காரர், தகரத்துலயே ஒட்டிருங்க, அதுதான் சுலபம் என்கிறார். அந்த மனிதரை நிறுத்தி வைத்து நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன், தொடக் கூடாது, காற்று வேண்டும், நாலு விரல் வேண்டும் என்று. நான் ஏதோ பூஜை மந்திரம் சொல்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை எப்படிச் செய்திருக்கிறேன் என்று கேள். தகரம், அதற்குக் கீழே நாலு விரல் காற்று, அப்புறம் தாள். அதோடு விட்டால் அவள் மறுபடியும் அதில் முகம் பார்த்துப் பயப்படுவாள். அதனால் தாளுக்குக் கீழே இன்னொரு நாலு விரல் விட்டுத் தனியாக ஒரு சட்டம் அடித்து, அதில் நீலத்தைக் கட்டியிருக்கிறேன். ஒன்றை ஒன்று தொடவில்லை, ஒட்டவே இல்லை, ஓரத்தில் மட்டும் பின் அடித்திருக்கிறேன். இடைவெளிக்குள் தூசி போகாமல் வலையும் வைத்தேன். நீ அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நானாக யோசித்துச் செய்தது, தப்பு இருந்தால் வந்து திட்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு முன்னே மாதிரி நிற்க முடியவில்லை, ஒரு பக்கம் முடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் செய்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, யாருக்குப்பா இதெல்லாம் என்று கேட்டாள். உன் அம்மாவுக்கு என்றேன். அவள் கீழே இறங்கிப் போனாள். அந்த நீலம் இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை, கிழிந்ததையே மூட்டிச் சேர்த்தேன். கால்மாட்டுப் பக்கம் ஒரு தையல் தெரிகிறது. என் வேலையில் தையல் வெளியே தெரிவது இதுதான் முதல் தடவை.

வேண்டுமென்றே உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேனே, காரணம் இதுதான். வெளியே தெருவில் நாய்கூடக் காணோம். இங்கே என் சட்டை முதுகில் ஒட்டவில்லை. வாஸ்லைன் டப்பாவைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன், அப்படியே உறைந்து நிற்கிறது, ஒரு இழை அசையவில்லை. நாளைக்குக் காலையில் டாக்டரைப் பார்த்து அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். நம்பவில்லை என்றால் அவரையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்தக் கட்டிலில் படுக்க வைப்பேன்.

இதுவரை நேற்று எழுதியது. மீதியை இன்றைக்கு எழுதுகிறேன், கையெழுத்து மாறியிருக்கும், பார்த்துக்கொள். காலையில் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரே சொன்னார், நீங்க அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம் என்று. எனக்கு அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. அறையைப் பற்றி ஆரம்பித்தேன், தகரம், நாலு விரல், தாள், நாலு விரல், துணி என்று கையை விரித்து விரித்துக் காட்டினேன், வாஸ்லைனைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்லதுங்க, நல்லா பண்ணியிருக்கீங்க என்றார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெளியே வந்த பிறகு அக்காதான் சொன்னாள், ரூம் குளுந்ததுக்காக விடலப்பா, இனிமே இங்க வெச்சு ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு விடுறாங்க என்று. நேற்று இரவே அவளிடம் சொல்லிவிட்டார்களாம். நான் ஏணியில் நின்றதைப் பார்த்தவளுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையாம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதே வியாதி.

எனக்கு இனி எதிலும் பிடிப்பு இல்லை, மகனே. இந்த வேலையை முடித்தால் அவளைத் தருவார்கள் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு வைத்திருந்தேன், முடித்தேன், தருகிறார்கள், இப்படித் தருவார்கள் என்று நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து பட்டறையில் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், எந்தப் பக்கம் தைப்பது என்று தெரியவில்லை. தனியாக இருக்கும்போது வாய்விட்டு அழுதுவிட்டேன். அக்கா இருக்கும்போது அழுவதில்லை, அவளும் நான் இருக்கும்போது அழுவதில்லை, ஆளுக்கொரு மூலை.

உன் அம்மாவிடம் அறை சரியாகிவிட்டது, அதனால்தான் விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று. கடைசியில பையன் சொன்னதைக் கேட்டீங்களா, முதல்லயே கேட்டிருந்தா இந்த அலைச்சல் உண்டா என்றாள். கேட்டுட்டேன் என்றேன். அவனை ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்க, அவன் போட்ட கூரை அவனே பாக்கலன்னா எப்படி என்றாள். இதுவரை எத்தனை தடவை நானே உன்னிடம், வேலையை விட்டுட்டு வராதே, நாங்க பாத்துக்குறோம் என்று சொல்லியிருப்பேன். அதை இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வா. லீவு தரவில்லை என்றால் சொல்லாமல் கிளம்பி வா, அந்த வேலை போனால் போகட்டும், என் பட்டறை இருக்கிறது. தள்ளிப் போடாதே, நாளைக்காரரே நாளைக்கு என்பதை விட்டுவிட்டார்.

கிளம்புகிறவரை அங்கே வெயிலில் தகரத்து மேல் ஏறும்போது கயிறு கட்டாமல் ஏறாதே, தண்ணீர் பாட்டில் இடுப்பில் இருக்கட்டும், தலைக்குத் துணி கட்டிக்கொள், வெயில் என்ன செய்யும் என்று நம் வீட்டுக்கு இப்போது நன்றாகவே தெரியும். அக்கா போன் செய்தால் எடு. அவளும் தனியாகத்தான் நிற்கிறாள்.

நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையில் செய்கிற வேலை நாலு பேர் தலைக்கு நிழலாக இருக்க வேண்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் நேராக மாடிக்குப் போ, அம்மா பக்கத்தில் மல்லாந்து படுத்து, அவள் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நீயும் பார். கால்மாட்டுத் தையலைக் காட்டி அவள் என்னைக் கேலி செய்வாள், நீயும் சேர்ந்து செய். எதற்காக வீட்டுக்கு விட்டார்கள் என்று கேட்டால் அறை குளிர்ந்ததால்தான் என்று சொல். அதில் பொய் எதுவும் இல்லை, வேண்டுமானால் உன் கையை நீட்டிப் பார், அறை குளிர்ந்துதான் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா